புதுக் குழாய் போட்டபின் வெந்நீரில் நாற்றமா? – காரணம் கண்டறியும் பாடம்



நம் இதழின் பாடப் பகுதியில் வழக்கமாக வரவு செலவு, எடை அளவு, சரக்குப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் படிக்கிறோம். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது வெந்நீர்க் குழாயில் வரும் நாற்றம். “மளிகைக் கடைக்காரருக்கும் குழாய் வேலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பவர்கள். பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டு, புதுக் கீசரும் மாட்டுகிறோம். சில நாளில் வெந்நீரில் முட்டை அழுகியது போன்ற நாற்றம் அடிக்கிறது. பிளம்பர் கீசர்மேல் பழி போடுகிறார், கீசர் விற்றவர் தண்ணீர்மேல் போடுகிறார். காரணம் தெரியாமல் பணம் செலவாகிறது.

இன்னொரு சம்பந்தம் நம் கல்லாவைத் தொடுவது. வாடிக்கையாளர் டீத்தூளைத் திருப்பிக் கொண்டுவருகிறார். “நாற்றம் அடிக்கிறது, குடிக்க முடியவில்லை” என்கிறார். சில்லறைக் கடைக்காரர் அதை மொத்த வியாபாரியான நம்மிடம் திருப்புகிறார். அதே பெட்டிச் சரக்கை வாங்கிய மற்ற யாரும் குறை சொல்லவில்லை. விசாரித்துப் பார்த்தால், அந்த வீட்டில் புதிதாகக் குழாய் வேலை நடந்திருக்கிறது. அடுப்பு எரிவாயு மிச்சமாகட்டும் என்று கீசர் வெந்நீரையே பிடித்துக் கொதிக்க வைக்கிறார்கள். குற்றம் டீத்தூளில் இல்லை. இப்படிப் பட்ட நேரத்தில் சரியான நான்கு கேள்விகளைக் கேட்கத் தெரிந்த கடைக்காரர் சரக்கையும் இழக்க மாட்டார், வாடிக்கையாளரையும் இழக்க மாட்டார்.

ஆகவே இப்பாடத்தின் சாரம் இதுதான்: எதையும் மாற்றுவதற்கு முன், யார்மீதும் பழி போடுவதற்கு முன், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

முதலில் பாதுகாப்பு

சோதனைகளுக்குப் போகுமுன் இரண்டு நாற்றங்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம். இவை இரண்டிலும் தாமதம் கூடாது.

ஒன்று, எரிவாயு. கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்குத் தானாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே கந்தகம் கலந்த, அழுகல் வாடையுள்ள பொருளை அதில் சேர்க்கிறார்கள். எனவே குழாயைத் திறக்காதபோதும் கீசர் பக்கத்தில் அழுகல் நாற்றம் அடித்தால் அது தண்ணீர் நாற்றம் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. மின் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கேஸ் கீசரிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாடையே கிடையாது. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டவே கூடாது.

இரண்டு, தீய்ந்த வாடை. ரப்பரோ ஒயரோ கருகுவது போல இருந்தால் கீசரைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் நிதானமாகச் சோதிக்கலாம்.

நான்கு சோதனைகள்

சோதனை 1: வெளியே எடுத்துச் சென்று முகர்ந்து பார்ப்பது. ஒரு சுத்தமான டம்ளரில் வெந்நீர் பிடித்துக் குளியலறைக்கு வெளியே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். வெளியே நாற்றம் இல்லை, உள்ளே மட்டும் இருக்கிறது என்றால் குற்றம் தண்ணீரில் இல்லை, சாக்கடைக் குழாயில் இருக்கிறது. தரையில் உள்ள நஹானி டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. புது வேலையில் டிராப் வைக்காமல் விட்டிருந்தாலோ, புழங்காத அறையில் அது காய்ந்துபோயிருந்தாலோ காற்று ஏறிவிடும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாற்றம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது.

சோதனை 2: பச்சைத் தண்ணீரையும் முகர்ந்து பார்ப்பது. அதே இடத்தில் குளிர்ந்த தண்ணீரை இன்னொரு டம்ளரில் பிடியுங்கள். இரண்டிலும் நாற்றம் என்றால் கீசருக்கு முன்னாலேயே, அதாவது கிணறு, போர், சம்ப், மாடித் தொட்டி இவற்றில் ஒன்றில் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனியே தண்ணீர் எடுத்துப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். வெந்நீரில் மட்டும் என்றால் கீசரிலோ, கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயிலோ காரணம் இருக்கிறது.

சோதனை 3: ஒரு குழாயிலா, எல்லாவற்றிலுமா? ஒரே கீசரிலிருந்து இரண்டு மூன்று இடங்களுக்கு வெந்நீர் போகிறது என்றால் எல்லா இடத்திலும் பாருங்கள். ஒரே குழாயில் மட்டும் நாற்றம் என்றால் அந்தக் கிளைக் குழாய், அதன் வாஷர், ஷவருக்குப் போகும் வளையும் குழாய் இவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை 4: முதல் டம்ளரிலா, ஐந்து நிமிடம் கழித்துமா? காலையில் முதலில் வரும் தண்ணீரில் மட்டும் நாற்றம் இருந்து பிறகு போய்விட்டால், குழாய்க்குள் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரில் வாடை ஏறியிருக்கிறது. கீசர் தீரும் வரை நாற்றம் தொடர்ந்தால் கீசர் தொட்டிக்குள் காரணம் இருக்கிறது.

முகர்ந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். நாற்றத்திலேயே சிறிது நேரம் இருந்தால் மூக்கு மரத்துவிடும். வெளியிலிருந்து வந்த வேறொருவரையும் முகரச் சொல்வது நல்லது.

எந்த வாடை, எந்தக் காரணம்?

அழுகிய முட்டை நாற்றம்: இது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அடுத்த பகுதியில் விரிவாகக் காண்போம்.

பசை, தின்னர் போன்ற வாடை: பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் சால்வென்ட் சிமெண்டின் வாடை. பிளம்பர் தாராளமாகப் பூசினால் மிஞ்சிய பசை குழாயின் உட்புறம் வழிந்து தேங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் தெரியாத வாடை வெந்நீரில் நன்றாகத் தெரியும். பசை காய வேண்டிய நேரம் அந்த டின்னிலேயே அச்சிட்டிருக்கும். அவசரப்பட்டு வேலை முடிந்த மாலையே வெந்நீர் விடுவது தவறு.

எண்ணெய், கிரீஸ் வாடை: இரும்புக் குழாயில் மரை வெட்டும்போது எண்ணெய் விடுவார்கள். அதைக் கழுவாமல் பொருத்தினால் வாடை வரும். மரையில் சணல் சுற்றிப் பெயிண்ட் பூசும் பழைய வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. ஈயம் கலந்த பெயிண்ட் குடிநீர்க் குழாய்க்கு ஆகவே ஆகாது. டெஃப்லான் டேப் சுற்றச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி மருந்து வாடை: குளோரின் போட்ட தண்ணீர், தரமில்லாத ரப்பர் வாஷரிலோ ஓஸ் குழாயிலோ உள்ள சில ரசாயனங்களோடு சேரும்போது மருந்து வாடை வரும். இது டீயில்தான் அதிகம் தெரியும். குடிநீருக்கு என்று தயாரித்த வாஷரும் ஓஸும் போட்டால் சரியாகிவிடும்.

மண்ணெண்ணெய் வாடை: பாலிஎத்திலீன் குழாயும் தொட்டியும் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றின் ஆவியை உள்ளே இழுக்கக் கூடியவை. மாடித் தொட்டிக்கு அடியில் பெயிண்ட் டின்களையும் தின்னரையும் அடுக்கி வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். குழாய் செல்லும் இடத்தில் எண்ணெய் கொட்டிய மண் இருந்தாலும் இதே தொல்லைதான். டீத்தூளைச் சோப்புப் பெட்டி அருகே வைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கும் அதே விதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அழுகிய முட்டை நாற்றம் ஏன் வருகிறது?

நிலத்தடி நீரில் சல்பேட் என்ற உப்பு ஓரளவு கரைந்திருக்கும். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சல்பேட் இருப்பதை ஏற்கிறது. சல்பேட்டுக்கு வாடை கிடையாது. ஆனால் காற்றுப் புகாத இடத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகிறது. இந்த வாயு மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதே ஐ.எஸ். 10500 இதற்கு விதித்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

இந்த நுண்ணுயிர் வளரத் தேங்கிய, வெதுவெதுப்பான தண்ணீர் தோதானது. நாம் காலையில் பத்து நிமிடம் கீசரைப் போட்டுக் குளித்துவிட்டு அணைத்துவிடுகிறோம். மீதித் தண்ணீர் நாள் முழுதும் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. மாடியில் உள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியிலும் இதே நிலைமை உண்டு. வீட்டைக் கட்டி முடித்துக் குழாயில் தண்ணீர் நிரப்பிவிட்டு, புதுமனை புகுவிழா வரை வாரக்கணக்கில் பூட்டி வைப்பதும் இதற்கு வழி செய்கிறது.

“பழைய கீசரில் இதே தண்ணீரைத்தானே பயன்படுத்தினோம், அப்போது நாற்றம் இல்லையே” என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிய கீசர்கள் பலவற்றில் ஒரு மெக்னீசியம் கம்பி தொங்கவிடப்பட்டிருக்கும். ஆனோடு என்பார்கள். தொட்டியைத் துரு பிடிக்காமல் காப்பாற்ற அந்தக் கம்பி தானே கரைந்துபோகும். இந்த முறை புதிதல்ல. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, கப்பல்களின் அடியில் உள்ள செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமல் இருக்க வேறு உலோகத் துண்டுகளைப் பொருத்தலாம் என்று காட்டினார். அதே தத்துவம்தான் கீசரிலும்.

மெக்னீசியம் கரையும்போது உண்டாகும் ஹைட்ரஜன், மேலே சொன்ன நுண்ணுயிருக்கு உணவாகிறது. பழைய கீசரில் கம்பி எப்போதோ கரைந்து தீர்ந்திருக்கும். அதனால் நாற்றமும் இல்லை, தொட்டிக்குக் காவலும் இல்லை. புதுக் கீசரில் கம்பி முழுதாக இருக்கிறது. தண்ணீர் அதேதான் என்றாலும் நாற்றம் புதிதாக வருகிறது. ஆகவே கீசர் பழுது என்றோ, விற்றவர் ஏமாற்றினார் என்றோ உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கடினநீரை மென்னீராக்கும் சாதனம் வைத்திருந்தால் கம்பி இன்னும் வேகமாகக் கரையும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

அருகில் வைத்திருக்கும் வெள்ளிப் பாத்திரமோ பித்தளைச் சாமானோ வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுத்தால் அதுவும் இந்த வாயுவின் அடையாளம்.

நிவர்த்தி: செலவில்லாததிலிருந்து செலவுள்ளது வரை

முதல் படி, கழுவி விடுதல். குழாய் முனைகளில் உள்ள சல்லடைகளைக் கழற்றிவிட்டு, எல்லா வெந்நீர்க் குழாய்களையும் கால் மணி நேரம் திறந்து விடுங்கள். மூன்று நாள் காலையும் மாலையும் இதைச் செய்யவும். வீணாக்காமல் வாளிகளில் பிடித்துத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். பசை வாடை, எண்ணெய் வாடை, தேக்க வாடை ஆகியவை பெரும்பாலும் இதிலேயே குறையும். இந்த மூன்று நாளும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

இரண்டாம் படி, சூடு. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்துச் சில மணி நேரம் ஓட விட்டு, பிறகு எல்லாக் குழாயிலும் திறந்து விடவும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர்கள் குறையும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளையும் முதியவர்களையும் அந்த நேரம் குளியலறைப் பக்கம் விட வேண்டாம். கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று சிலர் அதை அடைத்து வைத்திருப்பார்கள். அது மிகுந்த ஆபத்து. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டி வெடிக்கக் கூடும். வால்வு சரியாக இல்லாத கீசரில் இந்தப் படியைச் செய்யவே கூடாது.

மூன்றாம் படி, பிளீச்சிங் பவுடர். மாடித் தொட்டியை முதலில் தேய்த்துக் கழுவி நிரப்பவும். 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 200 கிராம் போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவும். கீசர் மின்சாரத்தை அணைத்து, குடிநீர் சுத்திகரிப்புச் சாதனத்துக்குப் போகும் குழாயை மூடிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்து பிறகு மூடவும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அனைத்தையும் வெளியேற்றி, வாடை போகும் வரை நல்ல தண்ணீர் விடவும். உள்தொட்டி துருப்பிடிக்காத எஃகு என்றால் குளோரின் அதை அரிக்கக் கூடும். கீசர் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கேட்டபின் செய்யவும்.

நான்காம் படி, கம்பியை மாற்றுதல். மேற்கண்டவற்றைச் செய்தும் சில வாரங்களில் முட்டை நாற்றம் திரும்பி வந்தால், மெக்னீசியம் கம்பிக்குப் பதிலாக அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பி போட முடியுமா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். கம்பியை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். நாற்றம் போகும், கூடவே உத்தரவாதமும் போகும், தொட்டியும் சீக்கிரம் ஓட்டையாகும்.

பச்சைத் தண்ணீரிலேயே நாற்றம் என்றால் கீசரில் செலவு செய்வது வீண். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். முட்டை நாற்ற வாயு சீக்கிரம் பறந்துவிடும். அதனால் எந்தப் பாட்டிலில், எப்படி எடுத்து வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். நாற்றம் அடிக்கும் சம்ப்புக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது. அடைபட்ட தொட்டியில் இந்த வாயு உயிரையே பறிக்கக் கூடியது.

குழாய் வாங்கும்போது

வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சாதாரண பி.வி.சி. குழாய்க்கான தரம் ஐ.எஸ். 4985. அது 45 டிகிரி வரையிலான தண்ணீருக்கு மட்டும். வெந்நீருக்கு ஐ.எஸ். 15778 முத்திரையுள்ள சி.பி.வி.சி. குழாய் வேண்டும். விலை குறைவு என்று பி.வி.சி. குழாயை வெந்நீருக்குப் போட்டால் அது நெளியும், இணைப்பு விடும். சி.பி.வி.சி.க்கு உரிய பசையும் வேறு. குழாயின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பில்லையும், காலிப் பசை டின்னையும் வேலை முடிந்து ஒரு மாதம் வரை வைத்திருங்கள். பேச்சு வரும்போது அவைதான் சாட்சி. பயன்படாத கிளைக் குழாய்களை நீளமாக விட்டு மூடி வைக்காமல் அடியோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட முட்டுச் சந்துகளில்தான் தண்ணீர் தேங்கிக் கெடுகிறது.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

1. டீத்தூள், அரிசி, பருப்பில் நாற்றம் என்று திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கி வையுங்கள். அதே சிப்பத்திலிருந்து எடுத்து, கேன் தண்ணீரில் வாடிக்கையாளர் எதிரிலேயே டீ போட்டுக் காட்டுங்கள். அதிலும் நாற்றம் என்றால் குற்றம் நம் சரக்கில்தான். மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தச் சிப்பத்தை விற்காமல் ஒதுக்கி மொத்தக் கடைக்குத் தெரிவியுங்கள். நாற்றம் இல்லையென்றால், “வீட்டில் புதிதாகக் குழாய் வேலை நடந்ததா? கீசர் தண்ணீரா?” என்று பக்குவமாகக் கேளுங்கள்.

2. கீசர் வெந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், பச்சைத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் காய்ச்சுவதே நல்லது என்று சொல்லுங்கள். டீக்கடை நடத்தும் நம் உறுப்பினர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

3. பிளீச்சிங் பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில், உணவுப் பொருளுக்குத் தொலைவில் வையுங்கள். பல நாள் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. அதை விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

4. பிளீச்சிங் பவுடரும் கக்கூஸ் கழுவும் ஆசிடும் ஒரே பையில் போகிறது என்றால், இரண்டையும் சேர்த்து ஊற்றக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு பொருளும் நம் கடையிலிருந்துதான் போகின்றன. எனவே சொல்ல வேண்டிய கடமையும் நம்முடையது.

மேலே கண்ட நான்கு சோதனைகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் கடைப் பையன்களும் படித்துக்கொள்வார்கள். அடுத்த இதழில் கோணிச் சாக்கிலும் பிளாஸ்டிக் சாக்கிலும் சரக்கு வாடை பிடிப்பதைப் பற்றிப் பார்ப்போம்.